தலைமையாசிரியையின் தயிர்சாதம்

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. யார் பார்க்க வந்தாலும் தாளாளர் என்னைக் காட்டி, "எங்க ஹெச்.எம். கிறிஸ்டியன். நாங்க எந்த வித்தியாசமும் பாக்கறதில்லை" என்பார். கொலுப் பொம்மை மாதிரி நானும் சிரித்துக்கொண்டு நிற்பேன். பிள்ளைகளின் மதிய டப்பாவில் முட்டையோ மீனோ வரக் கூடாது என்பதும் அவர் வைத்த சட்டம்தான். அதைக் காவல் காப்பது என் வேலை.

போன மாதம் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவித்த முட்டை கொண்டுவந்தாள். வகுப்பு ஆசிரியை டப்பாவைப் பிடுங்கி என் மேஜையில் வைத்துவிட்டார். மறுநாள் சிறுமியின் அம்மா வந்தார். ஆற்றோரத்து வீடு இடிக்கப்பட்டு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். பள்ளியை விட மனமில்லாமல் இரண்டு பஸ் மாறி வருகிறார்கள்.

"இருட்டோட கெளம்புது மிஸ் கொயந்த. ஒரு முட்டை துன்னா இன்னா தப்பு?"

தப்பில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால், "பாத்தீங்களா, கிறிஸ்டியன் புத்தியைக் காட்டிட்டாங்க" என்று நாளைக்கே பேசுவார்கள். "ஸ்கூல் ரூல்மா" என்றேன். எனக்கே எரிச்சலாக இருந்தது.

"நீங்க வேதக்காரங்கதானே? உங்க டப்பால இன்னா கீது?"

திறந்து காட்டினேன். தயிர்சாதம், மாவடு. மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடு எங்களுடையது.

அந்த அம்மாவின் முகத்திலிருந்து கோபம் வடிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப நீங்களும் பயந்துகினுதான் கீறீங்க மிஸ்."