பெண்ணாகிய நான்

விழுப்புரத்தில் நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் என்னைக் கடவுள் வாழ்த்துப் பாடுகிற பெண் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் இலக்கிய மன்றம் கூடும். நான் மேடை ஏறி, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் பாடுவேன். பாடி முடித்ததும் இறங்கிப் போய்ப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பையன்கள் பேசுவார்கள்.

அவர்கள் பேசுகிற லட்சணத்தைக் கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விஞ்ஞானம் ஆக்கத்துக்கா, அழிவுக்கா என்று மாதம் தவறாமல் அரைத்த மாவையே அரைப்பார்கள். பாதியில் மறந்துபோய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். அதற்கும் ஒரு கைதட்டல் உண்டு. நான் மட்டும் மறக்காமல் பாடியும் யாரும் தட்டியதில்லை, கடவுள் வாழ்த்துக்குக் கைதட்டக் கூடாதாம்.

எனக்கு ஒரே ஒரு முறை பேச வேண்டும். ஃபோர்த் ஃபாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், தமிழய்யாவிடம் கேட்டேன். ஃபிஃப்த் ஃபாரத்திலும் கேட்டேன். பள்ளியின் கடைசி வகுப்பான சிக்ஸ்த் ஃபாரம் வந்தபோது இதை விட்டால் வேறு வருஷமே கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் படிப்பு போதும் என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம்தான் திண்டிவனத்தில் பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் பேச்சுப் போட்டிக்குச் சுற்றறிக்கை வந்தது. தலைப்பு, பெண் கல்வியின் தேவை.

சுற்றறிக்கையில் 'மாணவ மாணவியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை அய்யாவிடம் காட்டினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா?

"ஏம்மா, பாட்டுன்னா கண்ண மூடிக்கினு பாடிட்டு வந்துடலாம். பேச்சுன்னா நாலு பேர் மூஞ்சியப் பாத்துக்கினு, கைய ஆட்டிக்கினு பேசணும். வயசுப் பொண்ணு அப்டிப் பேசனா நல்லாவா இருக்கும்? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நான் கைய ஆட்டாம பேசறேங்கய்யா" என்றேன்.

"அப்பறம் அது பேச்சே இல்லியேம்மா" என்றார்.

ஆனால் என் கட்டுரை நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். அதே தலைப்பில் எழுதிக் காட்டியிருந்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "பிரமாதம்மா. இத அந்தக் கண்டாச்சிபுரத்துப் பையங்கிட்ட குடு. உருப் போட்டுக்கட்டும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு நோட்டைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். கிழிக்கவில்லை. அய்யா பிரமாதம் என்று சொன்ன சந்தோஷமும் கூடவே இருந்து தொலைத்தது.

கண்டாச்சிபுரத்துப் பையன் எங்கள் வகுப்புதான், ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன். குரல் கணீரென்று இருக்கும். ஒரு பக்கத்தை மூன்று தரம் வாசித்தால் அப்படியே ஒப்பிப்பான், அர்த்தம் மட்டும் அவனைச் சீண்டாது. அந்தக் காலத்தில் பையன்கள் எங்களிடம் நேராகப் பேச மாட்டார்கள். அவனும் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டுதான், "இந்த 'அறியாமை இருள்'னா இன்னா?" என்று கேட்பான். நானும் கரும்பலகையைப் பார்த்துப் பதில் சொல்வேன். பாவம், அவன்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை.

நான் எழுதிய பேச்சு இப்படித்தான் தொடங்கும்: "அவைக்கு வணக்கம். பெண்ணாகிய நான் பள்ளிக்குக் கிளம்பும்போது எங்கள் தெருவில் நான்கு கதவுகள் திறக்கும். வழியனுப்ப அல்ல, வேடிக்கை பார்க்க." எனக்காக எழுதியது அது. அவனுக்காகப் படியெடுத்தபோது அந்த வரியில் பேனா நின்றது. 'பெண்ணாகிய நான்' என்பதை அடித்துவிட்டு 'பெண்ணொருத்தி' என்று மாற்றினால் வேலை முடிந்தது. எப்படியும் அய்யா பார்த்துத் திருத்துவார் என்று விட்டுவிட்டேன். இது பாதி உண்மை. மீதிப் பாதி, அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை.

அய்யா திருத்தத்தான் செய்தார். அவர் சிவப்பு மைக்கு வேட்டை எல்லாம் ஒற்றுப் பிழைதான். எங்கே க் விட்டுப்போயிற்று, எங்கே ச் மிகுந்துவிட்டது என்று வரிவரியாகத் துருவினார். 'கதவை திறந்து' என்று எழுதியிருந்ததில் ஒரு த் போட்டு, பக்கத்தில் பெரிதாக ஒரு சுழியும் போட்டார். 'பெண்ணாகிய நான்' என்பதில் ஒற்று சரியாக இருந்தது. அதனால் அவர் பேனா அங்கே நிற்கவே இல்லை.

போட்டி ஒரு சனிக்கிழமை. அய்யா என்னையும் அழைத்துப் போனார், பாட்டுப் போட்டிக்கு. துணைக்குத் தையல் டீச்சர். காலை பாசஞ்சரில் முண்டியம்பாக்கம், பேரணி, மயிலம் என்று வண்டி நின்று நின்று போக, எதிர் சீட்டில் அவன் உதட்டை அசைத்து என் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். அவன் ஒரு வரி முடிப்பதற்குள் எனக்கு அடுத்த வரி மனசுக்குள் ஓடிவிடும். பாட்டுப் போட்டியில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன பாடினேன் என்றுகூட இன்று நினைவில்லை.

மத்தியானம் பேச்சுப் போட்டி. முதலில் பேச வந்தது திண்டிவனத்தைச் சேர்ந்த ஒரு பெண். இரட்டைச் சடை, என் வயசுதான். நாலு பேர் முகத்தையும் பார்த்தாள், கையையும் ஆட்டினாள், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நான் தையல் டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் புடவைத் தலைப்பில் இல்லாத நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அவள் நன்றாகப் பேசினாள் என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

பிறகு அவன் ஏறினான். கைகளைக் கட்டி நிமிர்ந்து நின்றான். "அவைக்கு வணக்கம். பெண்ணாகிய நான்..."

கூடம் குபீரென்று சிரித்தது. பின்வரிசையில் எவனோ விசிலடித்தான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. உருப் போட்டவனுக்கு நடுவில் நிறுத்தத் தெரியாது, நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். அதனால் இன்னும் பலமாக, "பெண்ணாகிய நான் பள்ளிக்குக் கிளம்பும்போது" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். என் தெருவின் நான்கு கதவுகளும் அந்தக் கணீர்க் குரலில் திறந்தன. மெல்ல மெல்லச் சிரிப்பு அடங்கியது. எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவளைப் பற்றிய இடம் வந்தபோது கூடத்தில் சத்தமே இல்லை. வயசுக்கு வந்த மறுவாரமே நின்றுவிட்டவள் அவள். பள்ளி நூலகத்தில் அவள் வாங்கியிருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க அவள் தம்பிதான் வந்தான். "என் அருகில் அமர்ந்திருந்த அந்தத் தோழி இன்று எங்கே?" என்று கேட்டுவிட்டு, நான் எழுதியிருந்தபடியே ஒரு மூச்சு நிறுத்தினான். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடுவர் ஒரு பெரியவர், அங்கவஸ்திரம் போட்டவர். முடிவு சொல்ல எழுந்தார். "பெண்ணின் துயரத்தைச் சொல்லத் தானே பெண்ணாக மாறிய இந்த மாணவனின் உத்தியை என்னவென்று புகழ்வது! ஒரு பெண்ணே வந்து பேசினால்கூட இவ்வளவு உருக்கமாகப் பேசியிருக்க முடியாது" என்றார். முதல் பரிசு அவனுக்கு. இரட்டைச் சடைக்கு இரண்டாவது. அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போனாள். அவளிடம் போய், "அது பொம்பள எழுதனதுதாங்க" என்று சொல்ல நினைத்தேன். தையல் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது வெள்ளிக் கோப்பை அய்யாவின் மடியில் உட்கார்ந்து வந்தது. "நாந்தான் அந்த உத்தியக் கைவெக்காம விட்டேன்" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. மயிலத்தில் அவன் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்கிவந்து, பொட்டலத்தை டீச்சர் வழியாக என்னிடம் நீட்டினான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "எழுதனது ஆருன்னு சொல்லிடலாம்னு இருந்தேன். அய்யா வாணாம்னுட்டாரு, பேஜாராயிடுமாம்" என்றான். நான் பொட்டலத்தைத் தொடவில்லை. டீச்சர் தின்றார்.

திங்கட்கிழமை காலை பிரார்த்தனைக் கூட்டம். பள்ளி முழுக்க மைதானத்தில் நின்றது. அவனுக்குப் பாராட்டு, அதற்கு முன்னால் வழக்கம்போல் என் கடவுள் வாழ்த்து. பாடி முடித்தேன், கண்ணைத் திறந்தேன், இறங்கவில்லை. யோசித்துச் செய்ததில்லை. கால் நகரவில்லை, வாய் நகர்ந்தது.

"அவைக்கு வணக்கம். பெண்ணாகிய நான் பள்ளிக்குக் கிளம்பும்போது..."

மைதானமே சிரித்தது. திண்டிவனத்துக் கதை சனிக்கிழமையே ஹாஸ்டலுக்கு வந்து, அங்கிருந்து ஊருக்கெல்லாம் போயிருந்தது. "டேய், அவன மாதிரியே பேசிக் காட்டுதுடா!" என்று ஒருவன் கத்தினான். "அச்சு அசல்!" என்றான் இன்னொருவன். ஹெட்மாஸ்டரே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் நிறுத்திவிட்டேன். அய்யா கையைக் காட்டி, "ஜல்தி எறங்கும்மா" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்று சாயங்காலமே தையல் டீச்சர் கூப்பிட்டார். "ஒனக்கு இவ்ளோ நல்லா வெகடம் வரும்னு சொல்லவே இல்லியே! ஆண்டு விழாவுல அஞ்சு நிமிஷம் குடுக்கச் சொல்லி ஹெட்மாஸ்டர் சொல்லிட்டாரு. அந்தப் பையன் பேச்ச அப்டியே பேசிக் காட்டு" என்றார். அந்த நாளில் ஒருவர் குரலை இன்னொருவர் பேசிக் காட்டிச் சிரிக்கவைப்பதற்கு விகடம் என்று பெயர். வயசுப் பெண் நாலு பேர் முகத்தைப் பார்த்துக் கையை ஆட்டிப் பேசுவது விகடம் என்றால் பரவாயில்லை போலிருக்கிறது.

"அது என் பேச்சு டீச்சர்" என்றேன்.

"ஆமாண்டி, இன்னிலேர்ந்து அது ஒன் பேச்சுதான்" என்று சிரித்தார்.

ஒப்புக்கொண்டேன். ரோஷம் இருந்தால் மறுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்கு அந்த ஐந்து நிமிடம் வேண்டியிருந்தது.

ஆண்டு விழாவில் மேடை ஏறினேன். அவனைப் போல் பேசவில்லை. கைகளைக் கட்டவில்லை, குரலைத் தடிக்க வைக்கவில்லை, என் குரலிலேயே, என் வேகத்திலேயே பேசினேன். எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். நான்கு கதவுகளுக்குச் சிரித்தார்கள். அறியாமை இருளுக்குச் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தவன் கண்டாச்சிபுரத்துப் பையன் ஒருவன்தான். முதல்முறையாக என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். "என் அருகில் அமர்ந்திருந்த அந்தத் தோழி இன்று எங்கே?" என்று கேட்டு ஒரு மூச்சு நிறுத்தினேன்.

"அடுப்பங்கரையில!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி கைதட்டினார்கள்.

எனக்கு ஒரு எவர்சில்வர் சோப்பு டப்பா பரிசு. மூடியில் பொறித்திருந்தார்கள்: விகடம், முதல் பரிசு. சித்திரையில் பரீட்சை முடிந்தது, ஆவணியில் எனக்குக் கல்யாணம். சீர் சாமான்களோடு அந்த டப்பாவும் வந்தது.