தேவபயமும் ஒரு வலது கையும்

கோயில்பிள்ளை உத்தியோகம் மத்தளம் மாதிரி. ஒரு பக்கம் சாமியார் இடிப்பார், மறுபக்கம் சனங்கள் இடிப்பார்கள். குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயிலில் மணியடித்து, மெழுகுவத்தி ஏற்றி, பூசையில் பேசுகிறவர்களை அதட்டிப் பிழைத்தவன் நான். அதட்டுகிற உத்தியோகம் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

முட்டி வலி

பிரெஞ்சுக் கொடி இறங்கின சமயம். அந்தப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் தினமும் பூசைக்கு வருவார். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு நான் மணியடித்ததும் எல்லாரும் முழந்தாளில் நிற்க, அவர் மட்டும் முட்டி வலி என்று பெஞ்சிலேயே இருந்தார். "தேவபயம் இல்லையா?" என்று காதருகே சீறினேன். முனகிக்கொண்டே இறங்கினார், பாவம். பூசை முடிந்ததும் வாசலில் மறித்துச் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

"சாமிக்குப் பயப்படச் சொல்ற, சரி. நாங்க ஒனக்கில்ல பயந்துக்குனு கெடக்கறோம்!"

கிராதியில்

மறுவருஷம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாள். பீடத்துக்கு முன்னாலுள்ள கிராதியில் வரிசையாக முழந்தாளிட்டவர்களுக்குச் சாமியார் நன்மை, அதாவது ஆண்டவரின் உடலான அப்பம், கொடுத்துக்கொண்டு வர, ஒவ்வொருவர் மோவாய்க்குக் கீழேயும் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நாக்கிலிருந்து தவறினாலும் அப்பம் தட்டில்தான் விழ வேண்டும். குருவைத் தவிர வேறு யார் கையும் அதில் படக்கூடாது.

மீன் விற்கும் அந்தோணியம்மாள் முறை வந்தது. அந்த நேரம் பார்த்து முக்காடு சரிந்த ஒருத்தியை நான் முறைத்துக்கொண்டிருந்தேன். தட்டு விலகிவிட்டது. தவறிய அப்பத்தை அந்தோணியம்மாள் சட்டென்று வலது கையில் ஏந்திவிட்டாள். "கையை எடு, பாவி!" என்று கத்தினேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. சாமியார் அதை எடுத்துத் தாமே உட்கொண்டு, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவள் கையைக் கழுவிவிட்டார். அவள் என்னிடம் கெஞ்சினாள்.

"கீழ விழுந்துடப் போவுதேன்னு புடிச்சிட்டேன், கோயில்புள்ள."

கடைசித் தூண்

அதற்குப் பிறகு அவள் கிராதிப் பக்கமே வரவில்லை. கூடையை வெளியே வைத்துவிட்டுத் தினமும் பூசைக்கு வருவாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு கடைசித் தூணோரம் நிற்பாள். "தேவபயம்னா அவளைப் பாருங்க" என்று நானே பலரிடம் காட்டியிருக்கிறேன். என் வெட்கங்கெட்டதனத்தை என்னவென்று சொல்வது!

"பாவமில்லைன்னு சொல்லி நீயே கூட்டி வா, கத்தினவன் நீதானே" என்று சாமியார் என்னை அனுப்பினார். போனேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சாமியார் வரச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். தட்டு விலகியது என் தப்பு என்ற ஒரு வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை.

"சாமியாரு மன்னிச்சிடுவாரு. ஆண்டவரத் தொட்ட கையி என்னுது, மீன் அறுக்கற கையி. எனக்குப் பயமாருக்கு, நீ போ."

பகல் மூன்று மணி

இப்படியே ஆறு வருஷம் போனது. ஒருநாள் மத்தியானம் அவள் மகள் ஓடி வந்தாள்: அம்மாவுக்கு விஷக்காய்ச்சல், மூச்சு வாங்குகிறது. நான் மணியடித்துக்கொண்டு முன்னால் நடக்க, சாமியார் நன்மை கொண்டுவந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் சுடுமணலிலேயே முழந்தாளிட்டார்கள்.

அந்தோணியம்மாள் பாயில் கிடந்தாள். வலது கை வலைக்கயிற்றால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. "அம்மாதான் கட்டச் சொன்னிச்சி" என்று மகள் அழுதாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. உட்கார்ந்து முடிச்சில் கைவைத்தேன். "தப்பு என்னுதும்மா. தட்ட நாந்தான் சரியாப் புடிக்கல" என்றேன். அவள் அவிழ்க்க விடவில்லை.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். தட்டு ஒன்னுதா இருந்தாலும் தொட்டது என் கைதான? கட்டு இருக்கட்டும், நீ தட்ட நல்லாப் புடி."

கட்டின கையோடுதான் நன்மை வாங்கினாள், கட்டின கையோடுதான் போனாள். அதன் பிறகு கோயிலில் நான் யாரையும் அதட்டியதில்லை. இந்த வேலைக்கே லாயக்கில்லாதவன் என்று புதுச் சாமியார் என்னைத்தான் அதட்டுகிறார்.