வெளியே மட்டும் தாழ்ப்பாள்

பதுளைக் கடைவீதியில் புடவை வியாபாரிகள் சங்க மண்டபத்தின் பெரிய கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும்தான். ரயில் வந்து, மோட்டார் லொறி வந்து, சுற்றியிருந்த கடைகளெல்லாம் இடித்துக் கட்டப்பட்ட பிறகும் அந்தக் கதவு அப்படியே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் மரத்தைத் தட்டிப் பார்த்து மெச்சுகிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். பத்து வருஷம் சங்கத்துக் காவல்காரனாக அந்தத் தாழ்ப்பாளைப் போட்டதும் எடுத்ததும் என் கைதான்.

சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் வாடிக்கையை ஒருவர் பறிக்காதபடி, தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் துணி விற்க வேண்டும், அதுவும் எல்லாக் கடையும் ஒன்றாகத் திறந்த பிறகு. மீறியவர் மண்டபத்துக்குள் தனியாக உட்கார வேண்டும். எதிர்க்கடையில் இருக்கும் தலைவர் காதில் விழும்படி "தப்பு" என்று தன் வாயால் சொல்லும்வரை கதவு திறக்காது. அநேகமாக எல்லோரும் பிற்பகல் அசர் தொழுகைக்குள் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள்.

என் கூடப்பிறந்த மூத்தவளான லாத்தாவின் புருஷன், எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்த மச்சான், சொல்லவில்லை. மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து நடந்து வந்த ஒருவருக்கு, பிணத்துக்குப் போர்த்தும் கோடித்துணியைப் புதன்கிழமை கொடுத்துவிட்டார். செத்தவரை ஞாயிறு வரைக்கும் லயத்து ஒற்றை அறையில் வைத்திருக்கச் சொல்வதா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்று கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவரை மண்டபத்தில் அடைத்த இரண்டாம் நாள் பகலில் வீட்டிலிருந்து ஆள் வந்தது. லாத்தாவுக்கு நோவு கண்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம். மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புருஷன் வர வேண்டுமாம். கதவோரம் வாயை வைத்துச் சொன்னேன்.

"நீ தொறந்து உடு," என்றார்.

என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. திறந்தால் வேலை போகும், மச்சானின் கடையையும் சங்கம் ஒதுக்கிவிடும் என்று யோசித்தேன். அப்படித்தான் இத்தனை காலமும் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எனக்குப் பயம்.

"ஒரு சொல்லுதானே மச்சான், சொல்லிட்டு வாங்க," என்றேன்.

உள்ளிருந்து கதவை இரண்டு தடவை ஓங்கி அறைந்தார். பிறகு தெருவே கேட்கும்படி "தப்பு" என்றார்.

லாத்தாவும் பிள்ளையும் பிழைத்தார்கள். மச்சான் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து நின்றாள்.

"புள்ள செத்துப் போச்சுங்க. மூடித் தூக்க ஒரு துணி வேணுங்க."

மச்சான் அவளைப் பார்க்காமல் அலமாரியைச் சாத்தினார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க," என்றார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன்.