சீட் அதிராத படம்

போன தீபாவளி விடுமுறையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மத்தியான நேரம். இடம், மலாக்கா டவுன் பக்கம் இருக்கும் ஒரு பேரங்காடியின் மேல்மாடித் தியேட்டர். நான் இருப்பது புக்கிட் பெருவாங்கில். அங்கிருந்து டவுனுக்குக் காரில் போவது பெரிய காரியமில்லை. ஆனால் தீபாவளி சமயத்தில் காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் படம் பார்க்கும் ஆசையே போய்விடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய சினிமா ரசிகை கிடையாது. வந்ததைப் பார்ப்பேன், வெளியே வந்து திட்டுவேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சினிமா பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். அதனால் எனக்கு எப்போதும் துணை என் தம்பிதான். எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறான். ஆயர் குரோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. பிறந்ததிலிருந்து அவனுக்குக் காது கேட்காது. பெம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் வளர்ந்தபோது, அவனை மட்டும் வெளியூரில் காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே கைமொழியும் மலாயும்தான். அதனால் தமிழ் எழுத்து ஒன்றுகூட அவனுக்குத் தெரியாது. மலாய் என்றால் தண்ணீர் பட்ட பாடு. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் தன் மூக்கின் பக்கத்தைத் தொட்டுக் காட்டுவான். என் மூக்குத்திதான் அவன் அகராதியில் அக்கா.

நம் நாட்டுத் தியேட்டரில் தமிழ்ப் படம் ஓடினாலும் அடியில் மலாய் எழுத்து வரும். நமக்கு அது கண்ணிலேயே படாது. அவனுக்கோ அதுதான் படம்.

இருந்தும் இத்தனை வருடங்களாக அவன் என்னை இழுத்துக்கொண்டு போனதெல்லாம் இங்கிலீஷ் சூப்பர் ஹீரோ படங்களுக்குத்தான். அந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? எல்லாப் படத்திலும் வானத்தில் ஓர் ஓட்டை விழும். அதிலிருந்து ஏதாவது இறங்கும். ஊரில் இருக்கும் மாடிக் கட்டடமெல்லாம் பொடிப்பொடியாகும். அதையெல்லாம் அப்புறம் யார் கூட்டி அள்ளுவார்கள் என்று ஒரு படத்திலாவது காட்டியிருக்கிறார்களா? போன படத்தில் செத்தவன் இந்தப் படத்தில் வேறோர் உலகத்திலிருந்து சிரித்துக்கொண்டே வருவான். அவனுக்காகப் போன தடவை நான் விட்ட கண்ணீருக்கு என்ன கணக்கு? படம் முடிந்த பிறகும் எழுந்து போக விடமாட்டார்கள். பேர் பட்டியல் முழுதும் ஓடி, கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வரும் என்று குளிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். இரைச்சல் தாங்காமல் நான் கைப்பையில் பஞ்சு எடுத்துப் போக ஆரம்பித்தேன். காது கேட்காதவன் நிம்மதியாகப் பார்க்க, காது கேட்கிறவள் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தீபாவளி வாரத்தில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். இந்தப் பறக்கிற கூட்டத்தை விட்டால் உனக்கு வேறு படமே பிடிக்காதா என்று.  அவன், தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் நம் பையன்கள் தேநீர் இடைவேளையில் புதுத் தமிழ்க் காமெடிப் படத்தைப் பற்றியே பேசிச் சிரிக்கிறார்கள் என்றும், தனக்கும் அதைப் பார்க்க ஆசைதான் என்றும் கையால் சொன்னான். அப்புறம் ஏன் போகவில்லை என்றேன். தன் வாயைத் தொட்டான், சிரிப்பதுபோல் காட்டினான், சுற்றிலும் தலைகள் திரும்புவதுபோல் விரல்களைத் திருப்பினான். பிறகு இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்து ஆட்டினான்.

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. சண்டைப் படத்தில் குண்டு வெடித்தால் சீட் அதிரும். சீட் அதிரும்போது இவன் சிரித்தால் யாருக்கும் கேட்காது. காமெடிப் படத்தில் சீட் அதிராது. அதுதான் விஷயம்.

அவன் சிரிப்பு அவன் காதுக்குப் போனதே இல்லை. அதனால் அதற்கு அளவு கிடையாது. தொண்டையிலிருந்து பெரிதாக, உடைந்து வரும். எங்களுக்குப் பழகிவிட்டது. எப்போதோ நண்பர்களோடு ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனபோது மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்திருக்கிறது. அன்றோடு சரி. இத்தனை படம் என்னோடு பார்த்தவன் இதைச் சொல்லவே இல்லையே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. அந்த நிமிடமே போனில் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தேன். அவன் ஒரு நிபந்தனை போட்டான். யாராவது திரும்பிப் பார்த்தால் எழுந்து வந்துவிடுவான். அதன் பிறகு காமெடிப் படம் என்று அவனைக் கூப்பிடவே கூடாது.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தோம். ஹால் நிறைந்திருந்தது. வழக்கமான குளிர். தம்பி ஸ்வெட்டரை மடியில் வைத்திருந்தான்.

படத்தைப் பற்றி என்ன சொல்ல? இப்போது வரும் காமெடிப் படம் எல்லாவற்றிலும் ஒரு பிணம் இருக்கிறது. ஒன்று காரின் பின்னால் இருக்கும், இல்லையென்றால் வீட்டுக்குள் இருக்கும். இதில் வீட்டுக்குள். அதை ஒளிக்க ஒரு குடும்பமே கத்துகிறது. ஒருவன் பேசி முடிப்பதற்குள் இன்னொருவன் கத்துவான், மூன்றாமவன் அவனை அறைவான், பின்னணியில் டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். குண்டாக ஒரு பையன் இருந்தால் அவனைக் கேலி, கறுப்பாக ஒரு பெண் இருந்தால் அவளைக் கேலி. இதை எழுத ஓர் ஆள், இதற்குச் சம்பளம் வேறு. எனக்குச் சிரிப்பே வரவில்லை, தலைவலிதான் வந்தது.

ஆனால் தம்பி சிரித்தான். அங்கேதான் வந்தது வினை.

திரையில் ஒருவன் கேள்வி கேட்பான். பதில் சொல்பவன் தாடையைத் தடவி, மேலே பார்த்து, நிதானமாகச் சொல்வான். ஹால் அதுவரை காத்திருந்து சிரிக்கும். சப்டைட்டலில் கேள்வியும் பதிலும் ஒன்றாக வந்துவிடும். தம்பி படித்துவிட்டு அப்போதே சிரித்துவிடுவான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் நேரத்தில் இவன் சிரிப்பு மட்டும் தனியாக வெடிக்கும். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவன் கவனத்தைத் திருப்ப சோளப்பொரியை நீட்டினேன். மறுபடியும் அதே கதை. பின்னாலிருந்து "உஸ்" என்று சத்தம் வந்தது. பிறகு என் தோளை யாரோ தட்டினார்கள்.

பின் வரிசையில் மனைவியோடு வந்திருந்த ஒரு பெரியவர். குனிந்து மரியாதையாகத்தான் சொன்னார்.

"தங்கச்சி, கூட வந்தவர கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க. ஜோக்கு வர்றதுக்கு முன்னாலயே சிரிச்சி கெடுத்துடுறாரு."

"அவனுக்குக் காது கேக்காது அங்கிள். கீழ வர்ற எழுத்தப் படிச்சிட்டு சிரிக்கிறான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்புறம் எதுக்கு தமிழ்ப் படத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார்.

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, உண்மையிலேயே சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. என் தம்பி தமிழன் இல்லையா, அவனுக்கு எந்த மொழிப் படம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டான். பின்னால் திரும்பி அவர் முகத்தையும் பார்த்தான். அவனிடம் எதையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்வெட்டரைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டான். அடுத்த ஜோக்குக்கு அவன் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அதுவும் நின்றது. வாசல் பக்கம் கையைக் காட்டினான். போகலாம்.

நான் முடியாது என்று தலையாட்டினேன். அவன் தன் நிபந்தனையை நினைவுபடுத்துவதுபோல் விரலை ஆட்டிவிட்டு எழுந்தே விட்டான்.

சரியாக அந்த நேரத்தில் ஹாலில் சத்தம் நின்றது.

படம் ஓடுகிறது, வாய்கள் அசைகின்றன, சத்தம் மட்டும் இல்லை. மொத்த ஹாலும் பின்னால் ஆபரேட்டர் அறை இருக்கும் பக்கமாகத் திரும்பியது. "சவுண்ட் இல்ல லா!" என்று யாரோ கத்தினார்கள். இது எதுவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்த தம்பிக்கு, முன்னால் இருந்த அத்தனை முகமும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்திருக்க வேண்டும். அவன் முகம் போன போக்கை என்னால் இப்போதும் நினைக்க முடியவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். என் காதைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினேன். சத்தம் போய்விட்டது. எல்லாருக்கும்.

எல்லாருக்குமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். நம்பாமல் சுற்றிலும் பார்த்தான். பிறகு சாய்ந்து உட்கார்ந்தான்.

ஆள் வந்து பார்ப்பதாகத் தியேட்டர்காரர்கள் சொன்னார்கள். ஆனால் படத்தை நிறுத்தவில்லை. சிலர் விசிலடித்துப் பார்த்தார்கள். சிலர் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் வேறு வழியில்லாமல் எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். திரையில் ஒருவன் இன்னொருவனை அறைந்தான். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அந்த டொய்ங் இல்லாவிட்டால் அறை வெறும் அறைதான். அடுத்து, கேள்வியும் பதிலும் சேர்ந்தாற்போல் அடியில் வந்தன. தம்பி ஸ்வெட்டரை மறந்து சிரித்தான். கூடவே ஹாலும் சிரித்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, ஒரே நேரத்தில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மட்டமான ஜோக்குக்கு அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு வீட்டுக்குப் போலீஸ் வரும் காட்சி. பிணத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி சோபாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லாரும் போலீஸைப் பார்த்துக்கொண்டிருக்க, தம்பி மட்டும் வேறெதற்கோ விழுந்து விழுந்து சிரித்தான். அமைதியான ஹாலில் அவன் சிரிப்பு தெளிவாகக் கேட்டது. என்ன என்று எல்லாரும் திரையைத் தேடினார்கள். சோபா ஓரத்தில், படம் முழுக்கக் கேலி வாங்கிய அந்தக் குண்டுப் பையன், பிணத்துக்கு முன்னால் வைத்த பிஸ்கட்டை யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். நல்ல நடிகன். இத்தனை நேரம் அந்தக் கத்தலில் அவனை ஒருவரும் கவனிக்கவில்லை. ஹால் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டு சிரித்தது.

என் தோளில் மறுபடியும் ஒரு தட்டு.

"தங்கச்சி, எதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க? கண்ணாடிய கார்ல வெச்சிட்டு வந்துட்டேன், எழுத்து ஒண்ணும் தெரியல. தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன்."

அப்புறம் எதுக்குத் தமிழ்ப் படத்துக்கு வந்தீங்க என்ற கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கேட்டிருப்பேன். ஆனால் தம்பி திரும்பி, அவர் கேட்பதைப் புரிந்துகொண்டு, அதற்குள் கையால் பிஸ்கட் தின்று காட்ட ஆரம்பித்திருந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சோபா ஓரத்துல பாருங்க அங்கிள், பொணத்தோட பிஸ்கட்ட அந்தப் பையன் தின்னுட்டிருக்கான்" என்றேன்.

அவர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பார்த்தவர் பலமாகச் சிரித்தார். அதற்குள் ஹால் சிரித்து முடித்திருந்தது. தனியாக வெடித்த அந்தச் சிரிப்புக்கு முன் வரிசைகள் திரும்பிப் பார்த்தன. அவர் மனைவி "உஸ்" என்றார். தம்பி அந்தப் பெரியவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். அதன் பிறகு கொஞ்ச நேரம் தம்பி கையால் சொல்ல, நான் கிசுகிசுக்க, அவர் கடைசி ஆளாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் திரும்பி வந்தபோது ஹால் கைதட்டியது. எதற்கு என்று தம்பி கேட்டான். சொன்னேன். ஓ என்று தலையை ஆட்டினான். சத்தமில்லாமல், யாரும் சொல்லாமல், ஸ்வெட்டரை எடுத்துத் திரும்பவும் வாய்க்குக் கொண்டுபோனான்.

அதைப் பிடுங்கி என் சீட்டில் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டேன். அவன் முறைத்தான். நானும் முறைத்தேன். அதற்குள் அடுத்த ஜோக்கின் பதில் கீழே வந்துவிட்டது, அவனால் அடக்க முடியவில்லை. பின்னால் யாரோ சலித்துக்கொண்டார்கள். அப்போது அந்தப் பெரியவர் குரல் கேட்டது.

"சிரிக்கட்டும் லா. அந்தத் தம்பி சிரிச்சா ஜோக்கு வருதுன்னு அர்த்தம், ரெடியா இருங்க."

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் தம்பி பிஸ்கட் காட்சியை நடித்துக் காட்டியிருக்கிறான். படத்தை இரண்டு முறை பார்த்தவன்கூட அதைக் கவனித்திருக்கவில்லையாம். அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்தான்.

படத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. சத்தம் போன நேரம் மட்டும்தான் அது நல்ல படம். சூப்பர் ஹீரோக்களும் இன்னும் கட்டடங்களை உடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், நானும் பஞ்சோடு போய்த் திட்டிக்கொண்டுதான் பார்க்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தாலும், யார் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.