ஏறியாச்சா?

பேய்க்கு ராத்திரியிலதான் வேலைன்னு எவன் சொன்னான்? எனக்கு நடந்தது பட்டப்பகல்ல. சித்திரை மாசத்து வெயில்ல. நம்புறவங்க மேல படிங்க. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க, நடுவுல சிரிச்சா எனக்குக் கெட்ட கோவம் வரும். இல்ல, அப்பவும் சந்தேகம்னா கந்தர்வக்கோட்டைக்கு வாங்க. எங்க அண்ணனோட வலது காலைக் காட்டுறேன்.

எங்க குடும்பத்துக்கே கார் பைத்தியம். முந்திரி யாவாரத்துல வர்றதெல்லாம் பெட்ரோலாப் போகும். அப்பா பொண்ணு பார்க்கப் போன அன்னைக்குப் பொண்ணைப் பார்க்காம, வாசல்ல நின்ன காரைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு வந்தாராம். ஆத்தா சாகுற வரைக்கும் அதைச் சொல்லியே திட்டுச்சு. திட்டிக்கிட்டே காருக்குத் துணியால பாலிஷும் போடும்.

1948-ல சமஸ்தானம் போச்சு. சுத்துப்பட்டுப் பெரிய வீடுகள்ல இருந்த பழைய காரெல்லாம் ஒண்ணொண்ணா விலைக்கு வந்துச்சு. ஒரு பங்களாவுலேர்ந்து அப்பா அந்த ரேஸ் வண்டியை வாங்கிட்டு வந்தாரு. முதல் யுத்தத்துக்கு முந்தி சீமையில செஞ்சது. பச்சைக் கலர். கூரை கிடையாது, கதவு கிடையாது, ரெண்டே சீட்டு. வலது சீட்டு ஓட்டுறவனுக்கு. இடது சீட்டு பம்புக்காரனுக்கு.

பம்பு என்னன்னு சொல்லிடுறேன், இல்லன்னா கதை புரியாது. அந்த வண்டியில பெட்ரோல் டாங்கி பின்னாடி, கீழ தொங்கும். பெட்ரோல் தானா இஞ்சினுக்கு ஏறாது. இடது சீட்டுக்கு முன்னாடி ஒரு சின்னக் கைப்பம்பு இருக்கும். அதை அடிச்சு டாங்கிக்குள்ள காத்தை ஏத்தணும். அந்தக் காத்துதான் பெட்ரோலை முன்னுக்குத் தள்ளும். எம்புட்டுக் காத்து இருக்குன்னு ஒரு முள்ளு காட்டும். முள்ளு இறங்கிட்டா வண்டி நின்னுரும். அதனால ஒருத்தன் ஓட்ட, ஒருத்தன் ஓயாம அடிச்சுக்கிட்டே வரணும்.

வண்டியோட ஒரு வழக்கமும் சேர்ந்து வந்துச்சு. பம்புக்காரன்தான் முன்னாடி நின்னு ஹேண்டிலைச் சுத்தி இஞ்சினைக் கிளப்பணும். இஞ்சின் பிடிச்சதும் ஓடியாந்து இடது பக்கம் ஏறணும். ஓட்டுறவன் "ஏறியாச்சா?"ன்னு கத்துவான். இஞ்சின் சத்தத்துல பதில் காதுல விழாது. அதனால பம்புக்காரன் வெளிப்பக்கத் தகரத்துல ரெண்டு தட்டு தட்டணும். டொக்... டொக். அது கேட்டாத்தான் வண்டி நகரணும். பங்களா டிரைவர் ராக்கன் வண்டியை ஒப்படைக்கும்போது அப்பாகிட்ட இதைச் சத்தியம் பண்ணச் சொல்லி வாங்கிக்கிட்டாராம். டிரைவருக்குத் தொழில் பக்தின்னு அப்பா நினைச்சாரு. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்.

1957. அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருசம். மெட்ராஸ் பக்கத்துல, யுத்தத்துக்குப் போட்ட ஏரோப்ளேன் மைதானத்துல கார் பந்தயம். பழைய வண்டிகளுக்குன்னு தனிப் பந்தயமும் உண்டு. ஞாயித்துக்கிழமை பந்தயம், வெள்ளிக்கிழமை வீட்டுல சண்டை.

"நான் ஓட்டுறேன். நீ பம்பு அடி"ன்னுச்சு எங்க அண்ணன் உடையப்பன். என்னைவிட நாலு வயசு மூப்பு.

பன்னெண்டு வயசுலேர்ந்து நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன். எனக்குச் சுருக்குன்னுச்சு.

"ஏன், எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாதா?"

"நல்லதம்பி, நீ கோவக்காரன். இஞ்சினைக் கொன்னுருவே."

"மூத்தவன்கிறதை விட்டா ஒனக்கு வேற என்ன இருக்கு? ஒத்த ஆளா ஓட்டிக் காட்டுறேன் பாரு. காட்டிட்டா ஞாயித்துக்கிழமை ஸ்டியரிங் எனக்கு!"

"ஒத்த ஆளாவா?"

"ஆமா. வழியில குறுக்க வந்தே, ஏத்திட்டுப் போயிருவேன்!"

அண்ணன் கோவப்படல. சிரிச்சுச்சு. "போ, போ. எம்புட்டுத் தூரம் போறேன்னு நானும் பார்க்குறேன்."

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்புச்சு. முந்தின நாள் ஏத்தின காத்து டாங்கியில மிச்சம் இருந்துச்சு. ஹேண்டில் போட்டேன், வண்டி பிடிச்சுச்சு. பதினொன்னரை மணிக்குக் கிளம்பிட்டேன். தார் ரோட்டை விட்டு முந்திரிக்காட்டுச் செம்மண் ரோட்டுல திருப்பினேன். ஆள் நடமாட்டம் கம்மியான ரோடு, அடிச்சு ஓட்டலாம்.

முந்திரிப் பருவம் அது. மரத்தடிக்கு மரத்தடி பொம்பளைங்க கொட்டை பொறுக்கிக்கிட்டு இருப்பாங்க. அன்னைக்கு ஒருத்தரும் இல்ல. பழம் அழுகின நாத்தம் மட்டும் காடு பூரா நின்னுச்சு.

மூணு மைல் போயிருப்பேன். இஞ்சின் இருமுச்சு. முள்ளைப் பார்த்தேன், அடியில கிடந்துச்சு. வண்டி நின்னுருச்சு.

இடது பக்கம் எட்டிப் பம்பை அடிச்சேன். கஞ்சிக்குள்ள கரண்டி போற மாதிரி லொடலொடன்னு போயிட்டு வந்துச்சு. பிடிமானமே இல்ல. நாப்பது தடவை அடிச்சும் முள்ளு அசையல. எனக்கு அழுகை வராத குறை. அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? ஞாயித்துக்கிழமையும் இடது சீட்டுதானா?

அப்பாவோட கடிகாரம் என் கையில இருந்துச்சு. பார்த்தேன். உச்சி. சரியா பன்னெண்டு.

வர்றது வரட்டும்னு கீழ குதிச்சு ஹேண்டிலைச் சுத்தினேன். அடியில கிடந்த பெட்ரோல் சொட்டுல இஞ்சின் எப்படியோ பிடிச்சுக்கிச்சு. ஓடியாந்து சீட்டுல விழுந்தேன். பழக்க தோஷம்... பன்னெண்டு வயசுலேர்ந்து காதுல விழுந்து விழுந்து ஊறிப்போன வார்த்தை. இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. கத்திட்டேன்.

"ஏறியாச்சா?"

டொக்... டொக்.

மேலேர்ந்து ஏதோ பழம் விழுந்திருக்கும்னு நினைச்சேன். அண்ணாந்து பார்த்தேன். வண்டிக்கு மேல மரமே இல்ல. வெறும் வானம்.

முள்ளு ஏறுச்சு. ஒண்ணு... ரெண்டு... மூணு.

ஆகா, பம்பு பிடிச்சிருச்சுடான்னு எனக்குச் சந்தோசம் தாங்கல. கியரைப் போட்டு விட்டேன் பாருங்க! செம்புழுதி பின்னால மலை மாதிரி எழும்புச்சு. அண்ணே, பார்த்தியா, ஒத்த ஆளு!

ஒரு மைல் போனதுக்கப்புறந்தான் உறைச்சுச்சு. முள்ளு இறங்கவே இல்ல. இன்னேரம் இறங்கியிருக்கணும். என் ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கு. அப்ப அடிக்கிறது யாரு?

காதைக் கொடுத்துக் கேட்டேன். இஞ்சின் சத்தத்துக்கு நடுவுல...

ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்... ஸ்ஸ்க்.

கண்ணை மட்டும் இடது பக்கம் திருப்பினேன். பம்புக் கைப்பிடி உள்ள போச்சு. வெளிய வந்துச்சு. உள்ள போச்சு. வெளிய வந்துச்சு.

சீட்டுத் தோலு நடுவுல அமுங்கி இருந்துச்சு. ஆள் உக்காந்தா அமுங்குமே, அப்படி. பள்ளத்துல வண்டி குதிக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் கிரீச்சுன்னு முனகுச்சு. "ஆத்தா... ஆத்தா..."ன்னு முனகுறேன்.

ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை முழுசா எடுத்தேன். வேகம் குறையல.

சுவிட்சை அமத்தினேன். இஞ்சின் நிக்கல.

வெளிப்பக்கப் பிரேக்கை ரெண்டு கையாலயும் இழுத்தேன். கருகின நாத்தம் வந்துச்சு. வண்டி நிக்கல.

அப்பத்தான் தூரத்துல, ரோட்டு மேல, வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுச்சு.

சைக்கிள். வெள்ளைச் சட்டை. தோள்ல சிவப்புத் துண்டு.

அண்ணன்.

குளத்துக்கரைக் குறுக்குப் பாதையில வந்திருக்கு. என்னைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுட்டு, நடு ரோட்டுல நின்னு துண்டை ஆட்டுது.

பம்புச் சத்தம் மாறுச்சு.

ஸ்ஸ்க் ஸ்ஸ்க் ஸ்ஸ்க் ஸ்ஸ்க்.

முள்ளு நாலு. அஞ்சு.

"அண்ணே! வெலகு! வெலகு!"

அண்ணன் இடது பக்கம் பாய்ஞ்சுச்சு. ஸ்டியரிங் என் கையை மீறி இடது பக்கம் திரும்புச்சு.

வலது பக்கம் ஓடுச்சு. வண்டியும் வலது பக்கம்.

தேடுது... எங்க அண்ணனைத் தேடுது!

காலையில நான் கத்தினது ஞாபகம் வந்துச்சு. ஏத்திட்டுப் போயிருவேன்.

"நான் சும்மா சொன்னேன்!" காலியா இருந்த அந்தச் சீட்டைப் பார்த்து அலறினேன். "கோவத்துல சொன்னேன்! விடு! எங்க அண்ணனை விட்டுரு!"

ஸ்ஸ்க் ஸ்ஸ்க் ஸ்ஸ்க்.

நெஞ்சை வச்சு ஸ்டியரிங்கை அமுக்கினேன். கால் ரெண்டையும் ஊண்டி, முழு உடம்பையும் ஒரு பக்கமாச் சாய்ச்சேன்.

ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒண்ணு இழுத்துச்சு. ஆம்பளைக் கையோட பலம்.

திரும்புச்சு... கொஞ்சம்.

டமார்!

கண்ணைத் திறந்தேன். வண்டி முந்திரி மரத்துல மோதி நின்னுச்சு. இஞ்சின் இல்ல. பம்புச் சத்தம் இல்ல. பின் சக்கரத்துக்கு அடியில அண்ணனோட வலது கால்.

வண்டியை நெம்பி, அண்ணனை இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். ஓன்னு அழுதேன். அண்ணன் அழல. என்னையே வெறிச்சுப் பார்த்துச்சு. சட்டைப் பையில கையை விட்டு எதையோ எடுத்துச்சு. உள்ளங்கையில வச்சு நீட்டுச்சு.

ரூபாய்க் காசு அகலத்துல ஒரு தோல் வாஷர். கிரீஸ் இன்னும் ஈரமா இருந்துச்சு.

"பம்பு வாஷர்டா. நீ ஸ்டியரிங் கேட்டு அடம் பிடிப்பேன்னு தெரியும், ராத்திரியே கழட்டிட்டேன். நீ எங்கயாச்சும் நின்னு போயிருப்பே, சமாதானம் பண்ணிக் கூட்டிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்..." மூச்சு வாங்குச்சு. "இது இல்லாம பம்புல காத்தே ஏறாதேடா. நீ எப்படி வந்தே?"



பத்து நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்கு ஒரு கிழவர் வந்தாரு. பங்களா டிரைவர் ராக்கன். விசயம் கேள்விப்பட்டு வந்திருக்காரு. என்னை வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நலம்கூட விசாரிக்கல.

"ஆள் இல்லாத சீட்டைப் பார்த்துக் கேட்டீங்களா தம்பி?"

"கேட்டேன்."

"ரெண்டு தட்டா?"

"ரெண்டு."

கிழவர் சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. அப்புறம் சொன்னாரு.

"அவன் பேரு பிச்சை. என் கூடப்பிறந்த தம்பி. நான் ஓட்டுவேன், அவன் பம்பு அடிப்பான். ஒரு நாள் காலையில, இன்னைக்கு நான்தான் ஓட்டுவேன்னு சண்டை போட்டான். நான் விடல. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு முன்னாடி போய் ஹேண்டில் போட்டான். இஞ்சின் பிடிச்சுச்சு. அவன் ஏறினானா இல்லையான்னு நான் பார்க்கல. வண்டியை எடுத்துட்டேன். அவன் மேலயே ஏத்திட்டேன்."

"தெரியாமத்தானே எடுத்தீங்க?"



"அதுக்கப்புறம் வச்ச வழக்கந்தான் இது. ஆள் இருந்தா ஆள் தட்டும். ஆள் இல்லைன்னா வாயே திறக்கக் கூடாது. கேட்டா அவன் ஏறிக்குவான். அண்ணன்காரன் எவன் கண்ணுல பட்டாலும் விட மாட்டான்." எந்திரிச்சு நின்னாரு. "அவனை இறங்கச் சொன்னீங்களா?"

"இல்லீங்க..."

கிழவர் தலையில அடிச்சுக்கிட்டாரு. திரும்பிப் பார்க்காமப் போனாரு. அதுக்கப்புறம் அவரை நான் பார்க்கல.

இது நடந்து ஏழு வருசமாச்சு. அண்ணன் கைத்தடி ஊண்டித்தான் நடக்குது. வண்டி முந்திரிக் குடோனுக்குப் பின்னாடி கொட்டகையில, மூக்கு உடைஞ்சு கிடக்கு. விக்க மனசு வரல. வாங்குறவனுக்கும் ஒரு அண்ணன் இருப்பான்ல? எத்தனையோ தடவை "இறங்கு, இறங்கு"ன்னு சொல்லிப் பார்த்துட்டேன். பூசாரியை வச்சும் பார்த்தாச்சு. டாங்கியில சொட்டுப் பெட்ரோல் கிடையாது. வாஷர் அண்ணனோட டிரங்குப் பெட்டியில பூட்டிக் கிடக்கு.

அமாவாசைக்கு அமாவாசை நான் மட்டும் உள்ள போயிச் சூடம் காட்டிட்டு வருவேன். எனக்குப் பயமில்ல. நான் தம்பி.

போன அமாவாசை. உச்சி வேளை. சூடத்தைக் கொளுத்தினேன். அந்த வெளிச்சத்துல முள்ளு தெரிஞ்சுச்சு.

மூணுல நிக்குது.

வெளிய கைத்தடிச் சத்தம். "நல்லதம்பி, உள்ளயா இருக்கே?"ன்னு கேட்டுக்கிட்டே அண்ணன் வருது.

நான் மூச்சுக்கூட விடல.

டொக்... டொக்.

சத்தியமாச் சொல்றேன். இந்தத் தடவை நான் கேக்கவே இல்ல.