மீனுக்குச் சாதகம் எழுதின வேலை

மீன் பிடிக்க வலை போதும். பிடித்த மீனுக்குச் சாதகம் எழுத போனும் சிக்னலும் ரோசமில்லாத மனசும் வேணும். திருகோணமலைக் கரையில் அந்த வேலைதான் எனக்கு. எந்தக் கடலில், எதால், ஆர் பிடித்தது என்று பதிந்து மீனில் கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். கடலை அழித்துப் பிடிக்கிற மீன் இனி விலைப்படாது என்றார் கொழும்புக் கம்பனியிலிருந்து வந்த மனேஜர். பதிவு ‘பிளொக்செயின்’ என்ற சங்கிலியில் ஏறும். ஏறினதை ஒருவராலும் மாற்ற ஏலாது. “சிஸ்டம் வேலை செய்யேல்ல” என்ற பதிலோடு எப்போதாவது வங்கிக் கவுண்டரிலிருந்து திரும்பியிருந்தால் உங்களுக்கு மிச்சம் சொல்லாமலே விளங்கும்.

மீன் படுகிற இடம்

சல்லிக் கிராமத்துச் செல்வராசா அண்ணன் தூண்டிலில் சூரை மீன் பிடிக்கிறவர். மீன் படுகிற இடத்தைச் சொந்தத் தம்பிக்கும் சொன்னதில்லை. “வெளிநாட்டில வாங்கிறவர் மட்டும்தான் பார்ப்பார்” என்று மனேஜர் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். அரை மனதோடு இடத்தைப் பதிய விட்டார்.

அடுத்த கிழமை அவருடைய இடத்தில் பக்கத்து ஊரான நிலாவெளியின் மீன்பிடிப் போட்டுகள் நின்றன. கியூஆரை ஆர் ஸ்கான் பண்ணினாலும் இடம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கரைக்கு வந்த செல்வராசா அண்ணன் கத்தாமல் சொன்னார்: “தங்கச்சி, உங்கட வெளிநாட்டுக்காரர் எல்லாம் நிலாவெளிப் போட்டிலதான் வாறாங்கள் போல கிடக்கு.”

செயலமர்வு

நொந்துபோன மீனவரைச் சமாதானப்படுத்த மனேஜர் கடற்கரை ஹோட்டலில் செயலமர்வு என்று ஒரு பயிற்சிக் கூட்டம் வைத்தார். ‘ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கதை உண்டு’ என்று திரையில் பெரிதாகப் போட்டிருந்தது. பகல் சாப்பாட்டுக்கு மீன்கறி. ருசித்துச் சாப்பிட்ட மனேஜர், இது எந்தக் கடல் மீன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி பரிமாறினவரை விசாரித்தார். அவர் மரியாதையாய்ச் சொன்னார்: “டின்னில பிடிச்சது, சேர்.”

வெடிப் பாரை

பிறகொரு காலை, ஒரு மீன் முதலாளியின் லொறியில் பாரை மீன் வந்தது. கண்ணில் இரத்தம் கட்டியிருந்தது. ஒன்றை அறுத்துப் பார்த்தேன். முள் நொறுங்கிக் கிடந்தது. டைனமைட் வெடித்துப் பிடித்த மீன். ஆனால் ஒவ்வொன்றிலும் கியூஆர். ஸ்கான் பண்ணினால் ‘தூண்டில்’ என்றது. முதலாளியின் ஆட்களே தங்கள் போனில் அப்படிப் பதிந்திருந்தார்கள். பக்கத்தில் செல்வராசா அண்ணனின் சூரை கியூஆர் இல்லாமல் கிடந்தது. அவர் இப்போது இடம் சொல்வதில்லை; இடம் இல்லாமல் கியூஆர் இல்லை.

லொறியை மறித்தேன். மனேஜருக்குப் போன் எடுத்து, நொறுங்கின முள்ளை வீடியோவில் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: “சங்கிலியில ஏறினதுதான் உண்மை, மிஸ். நீங்கள் மீனைப் பார்க்காதேங்கோ.”

பாரை ஏற்றுமதிக்குப் போனது. சூரை சந்தையில் வந்த விலைக்குப் போனது. நான் வெடி மீனைப் பற்றிக் கம்பனிக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். கரையேறின ஒவ்வொரு மீனும் எங்கே போனது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, என் முறைப்பாடு எங்கே போனது என்று மட்டும் இன்றுவரை சொல்ல ஏலவில்லை.