குளக்கட்டைக் காத்தவன்

கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை, வெள்ளவத்தையில் மூன்று தட்டு வீடு, வன்னியில் எங்கள் ஊர்க் குளத்தின் கட்டு. மூன்றையும் எழுப்பியவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இவன் எங்கே உருப்படப் போகிறான் என்றவர்களின் பிள்ளைகள் இன்று என் கடையில்தான் சீமெந்து வாங்குகிறார்கள்.

குளக்கட்டு என்பது மண்ணைக் கொட்டி உயர்த்துவதல்ல. களிமண்ணைத் தட்டுத் தட்டாகப் போட்டு, நனைத்து, டிராக்டரை மேலே ஓட்டி ஓட்டி இறுக்கினேன். ஒரு பக்கத்தில் மட்டம் குறைத்து வான் வைத்தேன். குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்த வழியால் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் கட்டின் மேலால் வழிந்து மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் ஊர்ச்சங்கத்தின் கொழும்புக் கிளைத் தலைவருக்கு இது மண்டையில் ஏறவில்லை. கட்டு முடிந்த அடுத்த மாரியில் ஊருக்குப் போனவர், கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கும் தண்ணீர் மிஞ்சுமென்று சொல்லி, வயல் செய்யும் கமக்காரரைக் கொண்டு வானை மறித்து மண்மூட்டை அடுக்குவித்தார். ஊரார் போட்ட மாலையோடு கொழும்புக்கு பஸ் ஏறிவிட்டார்.

கேள்விப்பட்டு நான் ஓடினேன். மழை விடவில்லை. தண்ணீர் கட்டின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. மூட்டையில் கை வைத்தேன். கமக்காரர் மண்வெட்டியோடு மறித்தார்கள்.

“ஐயா, கொழும்பிலை பைப்பைத் திறந்தா உங்களுக்குத் தண்ணி. எங்கட தண்ணியிலை ஏன் கை வைக்கிறியள்?” என்றான் ஒருவன்.

“கட்டு உடைஞ்சா வயலும் இல்லை, நீயும் இல்லை. வெட்டுறதெண்டா வெட்டு. நான் மூட்டையை இழுக்கத்தான் போறன்.”

ஒருவரும் வெட்டவில்லை, உதவவுமில்லை. முதுகில் சேறு வந்து விழ விழ, தனியே இழுத்தேன். தண்ணீர் வானால் பாய்ந்தது. கட்டு நின்றது. பக்கத்து ஊரிலும் அப்படித்தான் மூட்டை அடுக்கியிருந்தார்கள். அவர்களுடைய கட்டு உடைந்து, விதைத்த வயல் முழுவதும் மணல் மூடியது.

போன மாதம் வெள்ளவத்தையில் சங்கக் கூட்டம். குளக்கட்டில் நாட்டப்போகும் கல்லின் படத்தைக் காட்டினார்கள். ‘இக்குளத்தைக் கட்டிக் காத்தவர்’ என்று போட்டு, கீழே தலைவரின் பெயர். என் பெயர் எங்கே என்று எழும்பிக் கேட்டேன்.

“அண்ணை, ஒரு கல்லிலை எல்லாற்றை பேரையும் போடேலுமே?” என்றார் தலைவர்.

“எல்லாரும் வேண்டாம், நான் ஒருத்தன் காணும். உங்கட பேரும் வேணுமெண்டா, மூட்டை அடுக்குவிச்சவர் எண்டு போடுங்கோ.”

பின் வரிசையில் சிரித்தார்கள். தலைவர் திரும்பிப் பார்த்ததும் இருமினார்கள். படத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

ஆகவே எல்லாரும் வாசிக்க இங்கே எழுதுகிறேன். கல் இன்னும் வெட்டப்படவில்லை. அந்தப் பெயரை எடுங்கள். அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில், என் பெயரைப் பொறியுங்கள்.